தலைமையைப் பற்றிப் பேச ஒரே ஒரு படம்: எதைப் போடுவது?

புதிதாக ஒரு குழுவின் பொறுப்பை ஏற்கப் போகிறவர்களை உட்கார வைத்து, ஒரு படத்தைப் போட்டு, முடிந்ததும் அதைப் பற்றிப் பேச வைப்பது பல வருடங்களாக நான் செய்துவரும் வேலை. கிடைக்கும் நேரம் பெரும்பாலும் அரை நாள். அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தப் படம்?

ஆரம்பத்தில் இதற்கு நான் வைத்திருந்த பதில் தவறு. எந்தப் படத்தில் தலைவர் மிக உயர்ந்தவராகத் தெரிகிறாரோ அதுவே சரியான படம் என்று நினைத்தேன். அப்படி ஒன்றை ஒரு முறை போட்டேன். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "சரி, பேசலாம்" என்றேன். "என்ன ஒரு மனிதர்!" என்றார் ஒருவர். "ஆமாம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அதற்கு மேல் யாருக்கும் பேச ஒன்றும் இல்லை. அண்ணாந்து பார்க்கிற ஒருவரிடம் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை.

அதற்குப் பிறகு படம் தேடும்போது நான் பார்ப்பது இதைத்தான். தலைவர் ஒரு முடிவை எடுக்கும் நேரத்தில், அவர் வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறதா? தோன்றினால் அந்தப் படத்தில் பேச விஷயம் இருக்கிறது. தோன்றவே இல்லை என்றால், நல்ல படமாக இருக்கலாம், ஆனால் என் வேலைக்கு உதவாது. கூடவே, அந்த முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியவர்களின் முகத்தைக் கேமரா காட்டுகிறதா என்றும் பார்ப்பேன். தலைமையில் பாதி அந்த முகங்களில்தான் நடக்கிறது.

இந்தக் காரியத்துக்கு அடிக்கடி பெயர் அடிபடும் ஐந்து படங்களை இந்த இரண்டு கேள்விகளோடு எடைபோட்டுப் பார்க்கிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இந்தப் படங்களை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எல்லாரும் முதலில் சொல்லும் இரண்டு

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2009-இல் வந்த 'இன்விக்டஸ்' பட்டியலில் எப்போதும் முதலில் இருக்கும். நெல்சன் மண்டேலாவாக மார்கன் ஃப்ரீமேன். 1995 ரக்பி உலகக் கோப்பையை வைத்து, நிறவெறி ஆட்சியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஒரு நாட்டை அவர் எப்படி ஒன்று சேர்க்கப் பார்த்தார் என்பது கதை. பதவியேற்றதும் அலுவலகத்துக்கு வருகிறார். பழைய ஆட்சியின் ஊழியர்கள் வேலை போய்விடும் என்று நினைத்துத் தங்கள் பொருட்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, விரும்பினால் இருங்கள் என்கிறார். இதை மட்டும் தனியாகப் போட்டாலும் அரை மணி நேரம் பேசலாம்.

இன்னொரு நல்ல காட்சி, பழைய ஆட்சியின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட ஸ்பிரிங்பாக் என்ற ரக்பி அணிப் பெயரையும் சின்னத்தையும் மாற்ற விளையாட்டுக் கவுன்சில் வாக்களித்துவிட்டது என்று தெரிந்ததும் மண்டேலா அந்தக் கூட்டத்துக்கே போவது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அவருடைய சொந்த ஆட்கள். பெயரையும் சின்னத்தையும் மாற்றாமல் விடுங்கள் என்று, அவர்களுக்குப் பிடிக்காத ஒன்றை அவர்களிடமே கேட்கிறார். இதனால் செல்வாக்கை இழக்க நேரும் என்று உதவியாளர் எச்சரித்தும் போகிறார். எதிரியைச் சமாளிப்பதை விடத் தன் ஆட்களிடம் 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இந்தக் காட்சி நன்றாகக் காட்டுகிறது.

ஆனால் படம் நகர நகர மண்டேலா எடுக்கும் ஒவ்வொரு முடிவும் சரியாகவே போகிறது. இறுதி ஆட்டம் 1995 ஜூன் 24 அன்று கூடுதல் நேரம் வரை போய், 15-12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது நடந்த விஷயம். அதை யாரும் மாற்ற முடியாது. என் சிக்கல் அந்த வெற்றியே எல்லாவற்றுக்கும் சாட்சியாகிவிடுவதுதான். ஆட்டத்தில் தோற்றிருந்தால் மண்டேலாவின் முடிவுகள் தவறாகிவிடுமா? இதை நான் கேட்கும்போது அறையில் இருப்பவர்கள் அப்போதுதான் யோசிக்கவே தொடங்குகிறார்கள். இன்னொன்றும் உண்டு. படத்தில் மண்டேலா அணித் தலைவர் பியனாருக்குக் கொடுப்பது ஒரு கவிதை. நிஜத்தில் அவர் கொடுத்தது தியோடர் ரூஸ்வெல்ட் 1910-இல் பேசிய ஓர் உரையின் பகுதி. திரைக்கதைக்குக் கவிதைதான் பொருந்தும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரலாறு என்று சொல்லி இதைப் போடுகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

ரான் ஹாவர்டின் 'அப்போலோ 13' (1995) விஷயத்தில் படத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள இந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். 1970 ஏப்ரலில் நிலாவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, மூன்று வீரர்களை உயிரோடு பூமிக்குக் கொண்டுவரப் போராடிய கதை. தரைக் கட்டுப்பாட்டு அறையில் ஜீன் கிரான்ஸாக எட் ஹாரிஸ். வெள்ளை வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும் அந்த மனிதரைப் பார்த்தாலே நமக்கும் தைரியம் வருகிறது. தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை என்ற புகழ்பெற்ற வசனத்தை அந்த நெருக்கடியின்போது கிரான்ஸ் சொல்லவில்லை. அது படத்துக்காக எழுதப்பட்டது. அப்புறம் கிரான்ஸ் அதையே தன் சுயசரிதைக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டார்.

வசனத்தைக்கூட விட்டுவிடலாம். நிஜத்தில் அந்த அறையை ஒருவர் நடத்தவில்லை. விண்பயணத்தைத் தரையிலிருந்து நடத்தும் நான்கு இயக்குநர்கள், நான்கு குழுக்கள், முறை மாற்றி முறை. வெடிப்பு நடந்து சுமார் ஒரு மணி நேரத்தில் கிளின் லன்னியின் குழு பொறுப்பேற்றது. வீரர்கள் இருந்த கட்டளைக் கலத்தின் மின்சாரம் தீர்ந்துகொண்டிருந்தபோது அவர்களை, நிலாவில் இறங்குவதற்கென்று இணைந்திருந்த சந்திரக் கலத்துக்கு மாற்றும் வேலையின் பெரும்பகுதி லன்னியின் மேற்பார்வையில் நடந்தது. கிரான்ஸ் தன் குழுவைத் தனியே அழைத்துக்கொண்டு போய், திரும்பி வரும் வழிக்கான திட்டத்தில் உட்கார்ந்தார். அதாவது, நெருக்கடியின் நடுவில் நாற்காலியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போவது அங்கே அன்றாட வழக்கம். தலைமை பற்றி அந்தச் சம்பவம் சொல்லும் பெரிய விஷயமே இதுதான் என்பேன். இரண்டு மணி நேரப் படத்துக்கு நான்கு நாயகர்கள் தாங்காது என்பதால் அது திரையில் சுருங்கிவிட்டது. கலத்தின் காற்றைச் சுத்தப்படுத்தும் சதுர வடிகட்டியை வட்டத் துளையில் பொருத்த வேண்டும் என்று ஒரு பெட்டிப் பொருட்களை மேஜையில் கொட்டும் காட்சி மட்டும், ஒரு குழு எப்படிச் சிந்திக்கிறது என்பதற்கு இன்றும் நான் காட்டும் காட்சி. முழுப் படத்தையும் போடுவதில்லை.

ஒரு காரும் ஒரு சிகரெட்டும்

ஹென்றி கிங் இயக்கிய 'ட்வெல்வ் ஓ'கிளாக் ஹை' 1949-இல் வந்தது. அமெரிக்க விமானப் படையும் நிர்வாகப் பள்ளிகளும் பாடத்துக்கு இதை வெகுகாலம் பயன்படுத்தியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போர், இங்கிலாந்தில் ஒரு விமானத் தளம், பகலில் குண்டு வீசப் போய் ஆட்களை இழந்துகொண்டே இருக்கும் 918-ஆம் குழு. அதன் தளபதி டேவன்போர்ட் தன் ஆட்களை உயிருக்கு உயிராக நேசிக்கிறார். ஒரு வழிகாட்டி அதிகாரியின் பிழையால் ஆட்கள் சாகும்போதும் அவரை மாற்ற மனம் வரவில்லை. அந்த அதிகாரி தற்கொலை செய்துகொள்கிறார். டேவன்போர்ட்டை நீக்கிவிட்டு, அவருடைய நண்பரான ஜெனரல் சாவேஜை அனுப்புகிறார்கள். சாவேஜாக கிரெகரி பெக்.

சாவேஜ் தளத்துக்கு வரும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. காரில் முன் இருக்கையில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். தளத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்கிறார். இருவரும் இறங்கிச் சிகரெட் பிடிக்கிறார்கள். டிரைவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், இரண்டு நண்பர்கள் மாதிரிதான். சிகரெட்டைக் கீழே போட்டு அணைக்கிறார். அடுத்த நொடி குரல் மாறுகிறது: "சரி, சார்ஜென்ட்." டிரைவர் பின் கதவைத் திறந்து பிடிக்கிறார், சாவேஜ் பின் இருக்கையில் ஏறுகிறார். வாசலில் காவலாளி அடையாளம் கேட்காமல் வண்டியை உள்ளே விட, அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குகிறார். ஒருவர் தலைவர் என்ற உடுப்பை மாட்டிக்கொள்வதை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய இன்னொரு காட்சி எனக்குத் தெரியாது. அந்தக் கடுமை அவருடைய சுபாவம் இல்லை, அது ஒரு முடிவு. அதை வார்த்தையே இல்லாமல், முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவில் சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

அப்புறம் வருவதெல்லாம் வாதத்துக்குரியது. மதுக்கூடத்தை மூடுகிறார். முதல் கூட்டத்திலேயே, ஊர் திரும்பும் நினைப்பை விடுங்கள், ஏற்கெனவே செத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். வேலைக்கு ஆகாதவர்கள் என்று நினைப்பவர்களை ஒரே விமானத்தில் போட்டு, அதற்கு அவமானமான பெயர் வைத்து, பொறுப்பைக் கேட்லி என்ற அதிகாரியிடம் கொடுக்கிறார். விமானிகள் அத்தனை பேரும் இடமாற்றம் கேட்கிறார்கள். முன்பு வழக்கறிஞராக இருந்த மேஜர் ஸ்டோவல் காகிதங்களை வேண்டுமென்றே மெதுவாக நகர்த்தி அவருக்கு அவகாசம் வாங்கித் தருகிறார். இங்கே படத்தை நிறுத்தி, "இது நேர்மையா?" என்று கேட்டால் அறை இரண்டாகப் பிரிந்துவிடும். நான் பார்த்தவரை ஒவ்வொரு முறையும் பிரிந்திருக்கிறது.

படம் இதோடு நின்றிருந்தால், கடுமையாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்ற மோசமான பாடமாகியிருக்கும். அது அங்கே நிற்கவில்லை. குழு தேறுகிறது. கோழை என்று அவர் ஒதுக்கிய கேட்லி முதுகெலும்பில் அடிபட்டும் வாய் திறக்காமல் பறந்திருக்கிறார் என்று தெரிகிறது. சாவேஜும் மெல்ல மெல்ல தன் ஆட்களோடு ஒட்டிவிடுகிறார், எந்தக் காரணத்துக்காக டேவன்போர்ட்டை நீக்கினார்களோ அதே மாதிரி. கடைசியில் ஒரு நாள் விமானத்துக்குள் ஏறக் கையை வைக்கிறார், உடம்பு ஏறவில்லை. விமானங்கள் திரும்பி வரும் வரை எங்கேயோ வெறித்தபடி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு விதத் தலைவர்கள், இருவருமே உடைகிறார்கள். குழுவுக்கு நல்லது செய்தது எது என்பதும், அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் திரையில் இருக்கிறது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். இது ராணுவம். உத்தரவு போட்டால் கீழ்ப்படிந்தே ஆக வேண்டிய இடம், உயிர் போகும் இடம். அலுவலகத்தில் ஒரு குழுவை நடத்தப் போகிறவர் இதைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே சாவேஜாக மாறிவிட்டால், அது அவருக்கும் நல்லதில்லை, அவரிடம் வேலை பார்ப்பவர்களுக்கும் நல்லதில்லை. அதனால் பாதியில் நிறுத்த வேண்டிய சூழ்நிலை என்றால் இந்தப் படத்தைத் தொடவே மாட்டேன். முழுதாக 132 நிமிடமும் ஓட வேண்டும்.

நீளம் மட்டும் தடை

அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) 207 நிமிடம். அரை நாளில் படமே முடிந்துவிடும், பேச நேரம் இருக்காது. இரண்டு நாள் கிடைத்தால் யோசிக்காமல் இதைத்தான் போடுவேன். கொள்ளையர்களிடமிருந்து கிராமத்தைக் காப்பாற்ற விவசாயிகள் சாமுராய்களைத் தேடி வருகிறார்கள். கூலி சோறு மட்டும்தான். தலைவராகப் போகும் கம்பேயை முதன்முதலில் நாம் பார்ப்பது ஆற்றங்கரையில், தலையை மழித்துக்கொள்ளும்போது. ஒரு சாமுராய்க்கு அந்தக் குடுமிதான் மானம். ஒரு திருடன் பிடித்து வைத்திருக்கும் குழந்தையை மீட்கத் துறவி வேடம் வேண்டும் என்பதால் அதைக் கூசாமல் இழக்கிறார். ஊரே வாய் பிளந்து பார்க்கிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று அதற்குப் பிறகு யாரும் வசனம் பேச வேண்டியதில்லை.

அதே கம்பேதான் பின்னால் விவசாயிகள் மேல் வாளை உருவுகிறார். பாலத்துக்கு அப்பால் இருக்கும் மூன்று வீடுகளைக் கைவிட்டால்தான் மற்ற இருபது வீடுகளையும் காப்பாற்ற முடியும் என்று திட்டம். அந்த வீட்டுக்காரர்கள் ஈட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். கம்பே வாளோடு ஓடி அவர்களை வரிசைக்கு விரட்டுகிறார். கருணையும் இந்தக் கடுமையும் ஒரே ஆளிடம், இரண்டையும் நம்ப முடிகிறது. அந்த மூன்று வீட்டுக்காரர்களில் ஒருவராக உங்களை வைத்துக்கொண்டு பேசுங்கள் என்று சொன்னால், கம்பேயை மெச்சிக்கொண்டிருந்தவர்களே தடுமாறுவார்கள்.

பதவி இல்லாத தலைவர்

சிட்னி லூமெட்டின் முதல் படம் '12 ஆங்க்ரி மென்', 1957. நீளம் 96 நிமிடம். கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அறை. தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனின் வழக்கு, ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்), முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் 'குற்றவாளி', ஒருவர் மட்டும் 'இல்லை'. அந்த எட்டாம் எண் ஜூரி ஹென்றி ஃபோண்டா. அவர் பையன் நிரபராதி என்று சொல்வதில்லை. தெரியவில்லை என்கிறார். ஓர் உயிரை முடிவு செய்யும் முன் கொஞ்சம் பேசுவோம் என்கிறார். ஒரு தலைவர் 'எனக்குத் தெரியாது' என்பதிலிருந்து தொடங்குவதை வேறு எந்தப் படத்தில் பார்க்கிறோம்?

அவர் செய்வதை வரிசையாகக் கவனித்தால் ஒவ்வொன்றும் பேசத்தக்கது. ஒரு கட்டத்தில் தன்னைப் பணயம் வைக்கிறார்: ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள், நான் வாக்களிக்க மாட்டேன், பதினொருவரும் குற்றவாளி என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சீட்டு மாறி வருகிறது. அதை எழுதிய முதியவர், பையன் நிரபராதி என்று தான் நம்புவதாகச் சொல்லவில்லை. தனியாக எழுந்து நின்றவருக்கு ஒரு துணை வேண்டும் என்று கொடுத்ததாகச் சொல்கிறார். முதலில் ஒட்டிக்கொள்ளும் அந்த ஒருவர் இல்லாவிட்டால் எட்டாமவர் தோற்றுப்போன ஒரு நல்ல மனிதர், அவ்வளவுதான். முன்னே சொன்னேனே, கேமரா மற்றவர்கள் முகத்தைக் காட்டுகிறதா என்று. இங்கே படமே அந்த முகங்கள்தான். தொடக்கத்தில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே, அகன்ற லென்ஸில் இருக்கிறது. போகப் போகக் கீழே இறங்குகிறது, லென்ஸ் நீளமாகிறது, சுவர்கள் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும். லூமெட் இதைத் திட்டமிட்டே செய்தார். நமக்குக் காரணம் தெரியாவிட்டாலும் மூச்சு முட்டுகிறது.

எட்டாமவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது. கொலைக் கத்தி மாதிரியே ஒன்றை வெளியே வாங்கிவந்து மேஜையில் குத்துகிறார். பார்க்க அருமை. ஆனால் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட சாட்சியங்களை மட்டுமே ஜூரி பார்க்க வேண்டும், சொந்தமாகத் துப்புத் துலக்கக் கூடாது. அது விதிமீறல். குற்றவாளி என்பதில் பிடிவாதமாக நிற்கும் மூன்றாம் எண் ஜூரியை வேண்டுமென்றே சீண்டி, பையன் தந்தையிடம் கத்தியதாகச் சாட்சி சொன்ன அதே "கொன்றுவிடுவேன்" என்ற வார்த்தையை அவர் வாயாலேயே கத்த வைக்கிறார். அது வாதத்தை வென்றுவிடுகிறது. ஒரு மனிதரின் புண்ணில் கை வைத்து வென்றதும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேல், பையன் கொன்றானா இல்லையா என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. 'இன்விக்டஸ்' படத்தில் கோப்பை வந்து எல்லாவற்றையும் சரி என்று முத்திரை குத்திவிடுகிறது. இங்கே அப்படி யாரும் குத்துவதில்லை. அதனால் முடிவு எப்படி வந்தது என்பதை மட்டும்தான் நாம் பேசியாக வேண்டும்.

குறை என்றால், எட்டாமவர் ஒரே ஒரு மாலைக்குத்தான் தலைவர். அடுத்த நாள் காலை அந்தப் பதினொரு பேரோடு அவர் வேலை பார்க்க வேண்டியதில்லை. சாவேஜ் பார்க்க வேண்டியிருந்தது. அதோடு அறை முழுக்க ஆண்கள். இவை இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

ஆக, யாருக்கு எது?

ஏற்கெனவே சரிந்துகிடக்கும் ஒரு குழுவை, அதுவும் எல்லாருக்கும் பிடித்த ஒருவரின் இடத்தில் போய் ஏற்கிறவர் என்றால் 'ட்வெல்வ் ஓ'கிளாக் ஹை'. இரண்டு நாள் கிடைத்தால் 'செவன் சாமுராய்'. பிரிந்து கிடக்கும் இரண்டு தரப்பை ஒன்றாக்க வேண்டியவர்களுக்கு 'இன்விக்டஸ்' படத்தின் அந்த இரண்டு காட்சிகள் போதும். 'அப்போலோ 13' போட்டால், லன்னியின் பெயரைச் சொல்லாமல் கலையாதீர்கள்.

யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமல், அரை நாள் மட்டும் கையில் இருந்தால், என் தேர்வு '12 ஆங்க்ரி மென்'. படம் முடிந்து இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும். துண்டு துண்டாகக் காட்ட வேண்டியதில்லை. ஒருவர் மனம் மாற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை உட்கார்ந்து அனுபவிப்பதே பாதி பயன்.

விளக்கைப் போட்டதும் எல்லாரும் எட்டாமவரைப் பற்றிப் பேச வாயெடுப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறொருவரைப் பற்றி: "முதலாம் எண் ஜூரியைப் பற்றிச் சொல்லுங்கள்." பெரும்பாலும் அறை அமைதியாகிவிடும். மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து, சீட்டுகளை எண்ணி, வாக்கெடுப்பு நடத்தியவர் அவர். பொறுப்பு என்று பார்த்தால் அந்த அறையில் அது அவருக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டத்தில் ஒருவர் அலட்சியமாகப் பேசியதும் மனம் நொந்து, நீங்களே வந்து இந்த நாற்காலியில் உட்காருங்கள் என்று எழுந்துவிடுகிறார். அங்கே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்த வாரம் உட்காரப் போவது அவருடைய நாற்காலியில். ரிமோட்டை எடுத்து அந்தக் காட்சிக்குத் திரும்பப் போவேன்.